அம்மா கழுவிய படங்கள்

மே 5, 2024, ஞாயிறு

கத்திரி தொடங்கி இரண்டாம் நாள். பரணிலிருந்து அப்பாவின் ஸ்டூடியோ பெட்டியை இறக்கினேன். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் ஊதா மையில் அப்பாவின் பெயர், கீழே வேலூர். படம் எடுத்தது அவர்தான். ஆனால் கழுவிப் பிரிண்ட் போட்டதெல்லாம் அம்மா.

மே 8, புதன்

லண்டன் புகைப்படக்காரர் கிறிஸ்டினா புரூமைப் பற்றிப் படித்தேன். 1862-இல் பிறந்தவர். கணவருக்குக் கிரிக்கெட் பந்து பட்ட கால் ஆறவே இல்லை, கடையும் நொடித்துப்போனது. 1903-இல், 40 வயதில், கேமராவை இரவல் வாங்கித் தானே கற்றுக்கொண்டார். எடுத்த படங்களைத் தபால் அட்டைகளாக்கி, பக்கிங்ஹாம் அரண்மனைக் குதிரை லாயத்தின் வாசலில் விற்றார். சிப்பாய்கள், ஓட்டுரிமை கேட்டு ஊர்வலம் போன பெண்கள் என்று 1939-இல் சாகும்வரை எடுத்துக்கொண்டே இருந்தார். மகள் வினிஃப்ரெட் பள்ளியை விட்டுவிட்டு இருட்டறை வேலைக்கு வந்தாள்.

அட்டைகளில் இருந்த பெயர் 'மிஸஸ் ஆல்பர்ட் புரூம்'. ஆல்பர்ட், கணவர். அதற்குமேல் படிக்க ஓடவில்லை.

மே 12, ஞாயிறு

அம்மாவிடம் கேட்டேன். வேலூர் வெயிலில், படத்தைத் துலங்கவைக்கும் டெவலப்பர் கரைசல் சூடாகிவிடுமாம். ட்ரேயைச் சுற்றி ஐஸ் கட்டி வைப்பாராம். ஒருமுறை ஐஸ் கிடைக்காமல், ஒரு கல்யாண நெகட்டிவில் படம் படிந்திருக்கும் ஜெலட்டின் பூச்சு இளகி, பெண்ணின் முகம் மட்டும் பாலாடை போலச் சுருங்கி நழுவிவிட்டது. அதற்கப்புறம் கோடை முழுக்க விடியற்காலை மூன்று மணிக்குத்தான் கழுவுவது. படத்தை நிலைக்கவைக்கும் ஹைப்போ கரைசல் தண்ணீரில் அலசிச் சரியாகப் போகாவிட்டால் படம் மஞ்சளாகிவிடும். குழாயில் தண்ணீர் வராத நாளில் கைப்பம்பை அடித்துக் குடம் குடமாகச் சுமந்திருக்கிறார். அவர் நகங்களில் இருந்த பழுப்பை மருதாணி என்று நினைத்து வளர்ந்தவள் நான்.

மே 14, செவ்வாய்

படங்களைத் தரையில் பரப்பினோம். ஒன்றை எடுத்தார். ஜரிகைப் புடவை, பக்கத்தில் நிழல் விழுந்த முகம். "இதுக்குக் கைய இப்படி ஆட்டுனேன், இல்லன்னா மூஞ்சி கருத்துரும்" என்று, நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் என்லார்ஜரின் வெளிச்சத்துக்குக் கீழே மறைப்பதுபோல உள்ளங்கையை அந்தரத்தில் அசைத்துக் காட்டினார். எத்தனை வருஷம் கழித்தும் அந்தக் கை தடுமாறவில்லை.

பின்பக்கம், அப்பாவின் முத்திரைக்குக் கீழே, பென்சிலால் அம்மாவின் பெயரை எழுத ஆரம்பித்தேன்.

"இன்னாத்துக்கு இப்போ அதெல்லாம்?" என்றவர், கொஞ்சம் கழித்து, "அழுத்தி எழுதாதம்மா, முன்னாடி தடம் விழும்" என்றார்.