கல்கரியில் ஒரு பொண்ட் வழக்கு

விடுதிச் சாப்பாட்டைப் பற்றியும் பிக் மட்ச்சைப் பற்றியும் நம் பழைய மாணவர் மலரில் எழுத ஆட்கள் தாராளமாக இருக்கிறார்கள். நான் எண்பதுகளின் தொடக்கத்தில் விடுதி மேல்மாடியில் கைமாறிக்கொண்டிருந்த இரண்டு ஆங்கிலக் கொமிக்ஸ் புத்தகங்களைப் பற்றி எழுதுகிறேன். அந்தக் காலத்து விடுதி மாணவர்களில் பாதிப்பேருக்காவது அவை ஞாபகம் இருக்கும். மற்றப் பாதி அப்போது உண்மையாகவே படித்துக்கொண்டிருந்தது.

அபூர்வ சக்தி படைத்த ஒரு வீரர் கூட்டத்தின் கதையான எக்ஸ்-மென், 120, 121 ஆம் இதழ்கள். 1979 ஏப்ரல், மே மாதத்தவை. கொண்டுவந்தவன் காரைநகர்ப் பெடியன் ஒருவன். அவனுடைய மாமா கப்பலில் வேலை. மாலுமிகள் வாசித்துவிட்டுப் போட்டவற்றைச் சேர்த்து, சவர்க்காரக் கட்டிகளோடும் சொக்லேற் பெட்டிகளோடும் ஊருக்குக் கொண்டுவருவார். அதனால் முந்திய இதழும் கிடையாது, பிந்திய இதழும் கிடையாது. உப்புக்காற்றில் ஊசி துருப்பிடித்து நடுத்தாள் கழன்றிருந்தது. 120 இன் உள்ளே, பனி கொட்டும் ஒரு படத்தின் வெள்ளைப் பகுதியில், யாரோ கப்பல்காரர் சீட்டாட்டக் கணக்கு எழுதிவைத்திருந்தார். நாலு நிரல், கடைசி நிரல்காரர் படுதோல்வி. அந்தக் கணக்கையும் நாங்கள் கதையோடு சேர்த்தே வாசித்தோம்.

அதுவரை எங்களுக்குத் தெரிந்த வீரர்கள் தனியாள்கள். சிவகாசியிலிருந்து வந்த முத்து கொமிக்ஸில் இரும்புக்கை மாயாவி கரண்டில் கையை வைத்து மறைந்துபோய், தானே எல்லாவற்றையும் முடித்துவிட்டு வருவார். இதிலோ ஆறு பேர், அதுவும் பல நாட்டவர். கென்யாவிலிருந்து வந்த ஸ்டோர்ம், சைபீரியாவின் கூட்டுப்பண்ணையில் வளர்ந்த கொலொசஸ், ஜெர்மன்காரன் நைட்குரோலர், அயர்லாந்தின் பான்ஷீ, அமெரிக்கத் தலைவன் சைக்ளொப்ஸ், கனடாவின் வுல்வரின். ஒரே பள்ளிக்கூடம், ஒரே வீடு, ஓயாத வாக்குவாதம். விடுதியில் இருந்தவனுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

கதை சின்னதுதான். அன்டார்க்டிக்கா, ஜப்பான் என்று அலைந்து களைத்த கூட்டம் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது. பான்ஷீக்கு ஜப்பானில் தொண்டை போய்விட்டது. கத்தலையே ஆயுதமாகக் கொண்ட ஆள் வாய்பேச முடியாமல் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். வழியில் ஒரு பனிப்புயல் விமானத்தைக் கனடாவின் கல்கரி நகரில் இறக்கிவிடுகிறது. அந்தப் புயலே செயற்கை. ஆல்ஃபா ஃப்ளைட் என்ற கனடிய அரசாங்கக் குழுவில் இருக்கும் ஷாமன் கிளப்பிவிட்டது. பிறகு அது அவர் கைக்கும் அடங்காமல் போக, எதிர்த்தரப்பில் நின்ற ஸ்டோர்ம்தான் அதை அடக்கவேண்டி வருகிறது. கனடா என்ற நாட்டை நான் முதலில் பார்த்தது இங்கேதான்: விமான நிலையம், பனி, வந்தவனைப் பிடித்து விசாரிக்க அரசாங்கத்து ஆட்கள். பிற்காலத்தில் நேரில் வந்திறங்கியபோதும் வரிசை ஏறக்குறைய அதேதான்.

படம் வரைந்தவர் ஜோன் பைர்ன். இங்கிலாந்தில் பிறந்து, சிறுவனாகக் கனடாவுக்கு வந்து, கல்கரியில் ஓவியம் படித்தவர் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். டெரி ஓஸ்டின் மைபூசிய கோடுகள் ஊசிமுனையால் கீறியவை மாதிரி இருக்கும். கிறிஸ் கிளேர்மொண்ட் எழுதிய வசனமோ ஏராளம். அடி விழும் நேரத்திலும் ஒருவன் மூன்று வரி யோசிப்பான். இன்றைய பிள்ளைகளுக்கு இது பொறுமையைச் சோதிக்கும். எனக்கு இன்றைக்கும் அதுதான் பிடிக்கிறது. ஆங்கிலப் பாடத்தில் பதினெட்டு எடுத்தவனும் அகராதியைத் தூக்கிக்கொண்டு வந்தது அந்த வசனத்துக்காகத்தான்.

சரி, வழக்குக்கு வருகிறேன்.

ஆல்ஃபா ஃப்ளைட் கெட்டவர்கள் அல்ல. அவர்கள் கேட்பது ஒன்றுதான்: வுல்வரினைத் திருப்பித் தா. கனடிய அரசாங்கம் செலவழித்துப் பழக்கிய ஆள், வேலையை விட்டுவிட்டு அமெரிக்காவில் ஒரு பேராசிரியரோடு போய்ச் சேர்ந்துவிட்டான். குழுவின் தலைவர் ஹட்ஸன் அதற்கு முன்பும் ஒருமுறை, 109 ஆம் இதழில், அவனைக் கூட்டிப்போகத் தனியாக வந்து வெறுங்கையோடு போனவர். இப்போது படையோடு வந்திருக்கிறார்.

எங்கள் மேல்மாடி இதைக் கேட்டதும் இரண்டாகப் பிரிந்தது. பொண்ட் என்றால் என்னவென்று எங்களில் எல்லோருக்கும் தெரியும். அரசாங்கச் செலவில் வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறவர், திரும்பிவந்து இத்தனை வருடம் வேலை செய்வேன் என்று கையெழுத்து வைக்கவேண்டும். வராமல் நின்றுவிட்டால் பிணை நின்ற மாமனோ சித்தப்பாவோ காசு கட்டவேண்டும். அப்படிக் கட்டிக்கொண்டிருந்த குடும்பம் ஒன்றிலிருந்தே ஒருவன் எங்கள் அறையில் இருந்தான். அவன்தான் கனடா அரசாங்கத்தின் வக்கீல். “காசைத் திண்டுபோட்டு ஓடினவன் எப்படியடா ஹீரோ?” என்று தொடங்கினால் விளக்கணைக்கும் மணி அடித்தாலும் நிறுத்தமாட்டான்.

எதிர்த்தரப்புக்கு நானும் இன்னும் மூன்று பேரும். வுல்வரின் கையெழுத்து வைத்ததாகக் கதையில் எங்கே இருக்கிறது, காட்டு என்பது எங்கள் முதல் வாதம். சாதாரண தரத்துக்குப் படித்துக்கொண்டிருந்த ஓர் அண்ணை நீதிபதியாக வந்து உட்கார்ந்து, ஒருநாள் சாவகாசமாகக் கேட்டார்: “1945 இலயிருந்து இந்த நாட்டில படிப்பு இலவசம். அப்பிடிப் பார்த்தால் நாங்கள் எல்லாருமே பொண்டிலதானே இருக்கிறம்?” அறை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது. வெளிநாட்டில் இருந்துகொண்டு இதை வாசிக்கிறவர்களுக்கு நான் மேலே ஒன்றும் சொல்லப்போவதில்லை. பொருளாளர் சந்தாக் கடிதம் எழுதும்போது பயன்படுத்திக்கொள்ளட்டும்.

121 இல் சண்டை, கல்கரியின் மாடு, குதிரை அடக்கும் விழா நடக்கும் ஸ்டம்பீட் மைதானத்துக்குப் போகிறது. நண்பர்கள் தனக்காக அடிபடுவதைப் பார்த்த வுல்வரின், போதும், நான் வருகிறேன் என்று தானே சரணடைகிறான். இந்த இடத்தில் எங்கள் கட்சி ஏறக்குறைய வென்றுவிட்டது. ஆனால் விமானம் கிளம்பியபின் பார்த்தால் ஆள் தப்பிவந்து உள்ளே இருக்கிறான்! வக்கீல் கட்டிலில் ஏறி நின்று கைதட்டினான். சரணடைந்தவன் ஓடலாமா என்ற கேள்வியை எங்களால் அன்றும் தீர்க்க முடியவில்லை. என் கட்சி என்பதால் சொல்லவில்லை, ஓடியது சரிதான். அடியை நிறுத்தத்தான் கையை நீட்டினானே ஒழிய அரசாங்கத்துக்காக அல்ல.

ரொறன்ரோவில் வேலை கிடைத்த பிறகு முன்னும் பின்னும் தேடிப்பிடித்து வாசித்தேன். எல்லாம் தொடங்கிய 1975 ஆம் ஆண்டுச் சிறப்பிதழில் வுல்வரின் இராஜினாமா செய்யும் காட்சி இருக்கிறது. மறுத்துப் பேசும் அதிகாரியின் கழுத்துப்பட்டியை நகத்தால் அறுத்துவிட்டுப் போகிறான். அதாவது, முறைப்படி விலகினான்! இதை அன்றைக்கே கண்டிருந்தால் மேல்மாடியில் எத்தனையோ இரவுகள் நித்திரை கொண்டிருக்கலாம்.

எக்ஸ்-மென்னோடு சண்டை பிடித்துத் தாக்குப்பிடிக்க ஆட்கள் வேண்டுமென்றுதான் பைர்ன் ஆல்ஃபா ஃப்ளைட்டை உருவாக்கினார். ஆனால் வாசகர்கள் விடவில்லை. 1983 இல் அவர்களுக்குத் தனிப் புத்தகமே வந்தது. அதன் முதல் இதழிலேயே கனடிய அரசாங்கம் அவர்களை நடத்திய திணைக்களத்தை இழுத்து மூடிவிடுகிறது. ஹட்ஸனுக்கே வேலை இல்லை.

எங்கள் வக்கீல் இப்போது ஸ்காபரோவில் இருக்கிறான், கணக்காளர். தொலைபேசியில் கூப்பிட்டு, வழக்குப் போட்ட கந்தோரே இல்லை, இனி எந்தப் பொண்ட், யாருக்குக் கட்டுவது என்று கேட்டேன்.

“மூடினது திணைக்களத்தை மச்சான், அரசாங்கத்தை இல்லை,” என்றான். “பிணை நிண்டவன் ஆரெண்டு முதல்ல சொல்லு.”