கலெக்டர் வேலையை இரண்டாவதாகப் போட்ட கதை

குடிமைப் பணித் தேர்வின் விருப்ப வரிசைப் படிவத்தில் வெளியுறவுப் பணியை (ஐ.எஃப்.எஸ்.) முதலாவதாகவும் ஆட்சிப் பணியை (ஐ.ஏ.எஸ்.) இரண்டாவதாகவும் போட்டேன். தேவகோட்டையில் எங்கள் வீட்டில் விஷயம் தெரிந்ததும் அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, முகமே இல்லை. "கலெக்டர்னா நாலு பேருக்குத் தெரியும். இது என்ன ஆத்தா, ஊர் ஊராப் போற வேலை?" என்றார்.

ஊர் ஊராகப் போனவர்கள் கட்டிய வீட்டில் உட்கார்ந்துகொண்டு கேட்ட கேள்வி அது. பாட்டையா பர்மாவில் மோல்மேனில் வட்டிக்கடை அடுத்தாள், அதாவது உதவியாள். அவருடைய சம்பளச் சீட்டு இன்னும் எங்கள் பெட்டகத்தில் இருக்கிறது: மூன்று வருஷக் கணக்கு, கையில் முன்பணம், கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊருக்கு வந்து சில காலம் ஓய்வு, பிறகு வேறு கடை. வெளியுறவுப் பணியிலும் ஒரு நாட்டில் ஏறக்குறைய மூன்று வருஷம்தான், நடுநடுவே டெல்லி. அப்பச்சியிடம் சீட்டை எடுத்துக் காட்டினேன். அவர் சமாதானம் ஆகவில்லை. அப்பத்தாதான் "போகட்டும் விடு" என்றாள்.

தேர்வு தனியாக ஒன்றும் இல்லை. ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். எழுதுகிற அதே யூ.பி.எஸ்.சி. தேர்வுதான். முதன்மைத் தேர்வுக்கு 1750, நேர்முகத்துக்கு 275, ஆகமொத்தம் 2025 மதிப்பெண். விருப்பப் பாடம் எனக்குத் தமிழ் இலக்கியம். வெளியுறவுப் பணிக்கு எடுப்பதோ சொற்பம், பல வருஷங்களில் நாற்பதைத் தாண்டாது. அதனால் தரவரிசையில் மேலே நின்றாக வேண்டும். படிக்கும் முறை பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் விட்டுவிடுகிறேன்.

நேர்முகத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். டெல்லி தோல்பூர் ஹவுஸ், யூ.பி.எஸ்.சி. அலுவலகம். உங்கள் படிவத்தை முன்னால் வைத்துக்கொண்டுதான் கேட்பார்கள். ஊர், படிப்பு, பொழுதுபோக்கு எல்லாம் அதில் இருக்கும். செட்டிநாடு என்று பார்த்ததும் சமையலைப் பற்றிக் கேட்பார்கள் என்று தயாராகிப் போயிருந்தேன். ஓர் உறுப்பினர் நேராக பர்மாவுக்கே போய்விட்டார். "உங்கள் ஊர்க்காரர்களைப் பற்றி பர்மியர்கள் என்ன நினைத்தார்கள்?"

வீட்டில் எனக்குச் சொல்லப்பட்ட கதையில் 1942-இல் ஜப்பான்காரன் வந்தான், எல்லாவற்றையும் போட்டுவிட்டு வந்தோம், 1948-இல் நில தேசியமயச் சட்டம் வந்தது, போனது போனதுதான். அந்தப் பக்கத்துக் கதை வேறு. 1930-இல் கீழ் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த விளைநிலம் நூற்றுக்கு ஆறு பங்குதான். உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தது, கடன் திரும்பவில்லை, ஈடு வைத்த நிலம் கடைக்கு வந்தது. 1930-களின் கடைசியில் அது நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு. செட்டியார்களுக்கும் அந்த நிலம் வேண்டியிருக்கவில்லை, அவர்கள் கேட்டது பணம். ஆனால் உழுதவன் வீட்டுக் கணக்கில் அது வேறு மாதிரிதானே பதிவாகும்? இரண்டையும் சொன்னேன். பாட்டையாவை விட்டுக்கொடுத்தது போல உள்ளுக்குள் ஒரு உறுத்தல் இருந்தது. இந்த வேலைக்குப் போக நினைப்பவர்கள் தங்கள் ஊரைப் பற்றி எதிராளி எழுதியதையும் படித்துவிட்டுப் போங்கள் என்று அதனால்தான் சொல்கிறேன்.

முசோரியில் எல்லாப் பணிக்காரர்களோடும் சேர்ந்து அடிப்படைப் பயிற்சி. பிறகு டெல்லியில் சுஷ்மா ஸ்வராஜ் வெளியுறவுப் பணி நிறுவனம். பன்னாட்டுச் சட்டம், வணிகப் பேச்சுவார்த்தை, மரபு நெறி (புரோட்டோகால்), ராணுவத்தோடு கொஞ்ச நாள், ஒரு மாவட்டத்தில் கொஞ்ச நாள். விருந்தில் யாருக்கு எந்த நாற்காலி என்பதற்கும் பாடம் உண்டு. நம் ஊர்க் கல்யாணப் பந்தியை நடத்திப் பார்த்தவர்களுக்கு அது தனியாகத் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம்.

அடுத்து மொழி. கட்டாயமாக ஓர் அயல்மொழி படித்தாக வேண்டும். தரவரிசையும் விருப்பமும் பார்த்து ஒதுக்குவார்கள். வீட்டில் எல்லோரும் பர்மிய மொழி என்று முடிவே கட்டிவிட்டார்கள். கிடைத்தது அரபு. மூன்றாம் செயலாளர் என்ற பெயரில் கெய்ரோவில் போட்டார்கள், உண்மையில் மாணவிதான். மொழித் தேர்வில் தேறினால்தான் பணி உறுதி. தொண்டையின் அடியிலிருந்து வரும் அந்த எழுத்துகளை வாய்க்குப் பழக்கியதுதான் என் வாழ்க்கையில் ஆகக் கஷ்டமான படிப்பு. வகுப்பில் படித்த அரபு ஒன்று, காய்கறிக்காரர் பேசுவது வேறொன்று. செந்தமிழும் பேச்சுத் தமிழும் தெரிந்த நமக்கு இதில் அதிர்ச்சி குறைவு.

அரபு வந்ததால் வளைகுடாவில் ஒரு தூதரகத்தில் தொழிலாளர் நலப் பிரிவு. இந்த வேலை என்றால் கோட்டும் விருந்தும் என்று நினைப்பவர்கள் அங்கே ஒரு வாரம் உட்கார வேண்டும். ஒருவர் இறந்துபோனால் உடலை ஊருக்கு அனுப்ப மருத்துவமனைச் சான்று, போலீஸ் அறிக்கை, முதலாளியின் சம்மதம், குடும்பத்தாரின் அதிகாரக் கடிதம், பாஸ்போர்ட் ரத்து, உடல் பதப்படுத்திய சான்று, இத்தனையும் வேண்டும். ஒரு தாள் குறைந்தாலும் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். செலவுக்கு முதலாளி கைவிரித்தால் இந்தியச் சமூக நல நிதி இருக்கிறது, 2009-இல் தொடங்கியது. இதெல்லாம் ஊரில் யாருக்கும் தெரிவதில்லை. திருவாடானைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா தொலைபேசியில், "எப்ப வரும்னு மட்டும் சொல்லுங்க தாயி" என்றார். தேதி என் கையில் இல்லை. இல்லாத தேதியைச் சொல்லாமல், எந்தத் தாள் வந்தது, எது வரவில்லை என்று தினமும் கூப்பிட்டுச் சொன்னேன். எந்தப் பயிற்சியிலும் இது வரவில்லை.

கல்யாணப் பேச்சுதான் இப்போதைய சிக்கல். ஒரு காலத்தில் இந்தப் பணியில் இருக்கும் பெண் கல்யாணம் செய்ய அரசிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும், பிறகு வேலையை விடச் சொன்னாலும் சொல்வார்கள். 1949-இல் சேர்ந்த முதல் பெண் அதிகாரி சி.பி. முத்தம்மா உச்ச நீதிமன்றம் வரை போனார். 1979-இல் தீர்ப்பு வருவதற்குள் அரசே அந்த விதியை எடுத்துவிட்டது. அனுமதி இப்போது தேவையில்லை. மாப்பிள்ளை வீட்டார் கேட்பது வேறு: "பையனுக்கு அங்கே வேலை கிடைக்குமா?" அந்த நாட்டோடு நமக்கு ஒப்பந்தம் இருந்தால் கிடைக்கும், இல்லாவிட்டால் மூன்று வருஷம் சும்மா இருக்க வேண்டும் என்று உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். காரைக்குடியிலிருந்து வந்தவர்கள் காபி குடித்துவிட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்று போயிருக்கிறார்கள்.