கேபிள் வந்தாச்சு, பில் யார் கட்டுறது?

"எல்லா ஊருக்கும் ஃபைபர் இணையக் கேபிள் போட்டாச்சு" என்று எந்த அரசு அறிவித்தாலும் எனக்கு இந்தக் கேள்விதான் வருது.

அமெரிக்காவில் 2021 கடைசியில் ஒரு திட்டம் வந்தது. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு இணையக் கட்டணத்தில் மாதம் 30 டாலர் வரை தள்ளுபடி. பழங்குடியினர் நிலப்பகுதி என்றால் 75 வரை. சுமார் 2.3 கோடி குடும்பங்கள் சேர்ந்தன. அப்புறம் நாடாளுமன்றம் பணம் ஒதுக்கவில்லை. 2024 பிப்ரவரியில் புது விண்ணப்பங்களை நிறுத்தினார்கள், ஜூனில் திட்டத்தையே மூடிவிட்டார்கள். கேபிள் அதேதான், மோடம் அதேதான். பலருக்கு பில் மட்டும் எகிறிப்போச்சு.

பின்லாந்து தள்ளுபடி பக்கம் போகாமல் சட்டத்தைப் பிடித்தது. 2010 ஜூலை முதல் நொடிக்கு 1 மெகாபிட் வேக இணைய இணைப்பு குடிமக்களின் உரிமை. நியாயமான விலையில் நிறுவனம் கொடுத்தே ஆகணும். (இன்னிக்கு அந்த வேகத்தில் வீடியோ சுத்திக்கிட்டே நிக்கும். பிறகு உயர்த்தினார்கள்.) எனக்கு இந்த வழிதான் பிடிச்சிருக்கு. பட்ஜெட் தீர்ந்தாலும் உரிமை தீராது.

ஐ.நா. பிராட்பேண்ட் ஆணையம் வைத்த அளவுகோல், அடிப்படை இணைப்பின் விலை நாட்டின் சராசரி மாத வருமானத்தில் 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது. சராசரி! கோடீஸ்வரனையும் கூலித் தொழிலாளியையும் சேர்த்துக் கூட்டி வகுத்த கணக்கு. அந்தத் தொழிலாளியின் சம்பளத்தில் அதே பில் எத்தனை சதவீதம்?