2024இல் டிவி முன்னால் கத்தியவை

2024இல் நான் அதிகம் கத்தியது ஜூலை 28தான். தம்புள்ளையில் மகளிர் ஆசியக் கிண்ண கிரிக்கெட் இறுதிப்போட்டி, எங்கள் இலங்கைக்கும் இந்தியாவுக்கும். இந்தியா 165 அடித்ததுமே அப்பா, "சரி, முடிஞ்சுது" என்று எழுந்து போய்விட்டார். இங்கே ஹட்டனில் ஆடி மழை வேறு. எங்கள் கேப்டன் சமரி 61இல் ஆட்டமிழந்த நேரம் பார்த்து சிக்னல் போனது. தம்பி குடையோடு ஓடிப்போய் டிஷ்ஷைத் துடைத்துவிட்டு வந்தான். படம் வந்தபோது களத்தில் எங்கள் ஹர்ஷிதா அசையாமல் நின்றுகொண்டிருந்தார். 8 விக்கெட்டால் ஜெயித்தோம், எங்கள் மகளிருக்கு முதல் ஆசியக் கிண்ணம்! கிரிக்கெட் ஒன்றும் தெரியாத பக்கத்து லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) அப்பாயி, "நம்ம புள்ளைகளா ஜெயிச்சுச்சு?" என்று கேட்டபடி பிளேன்டீயோடு வந்து உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் ஜூன் 29, ஆண்கள் டி20 உலகக் கிண்ண இறுதிப்போட்டியின் கடைசி ஓவர். எல்லைக்கோட்டில் தென்னாப்பிரிக்காவின் மில்லரை இந்தியாவின் சூர்யகுமார் பிடித்த கேட்ச். கால் கயிற்றில் பட்டதா இல்லையா என்று வீட்டில் இன்னும் சண்டை.

பிக்பாஸைத் தொகுத்து வழங்க கமலுக்குப் பதிலாக விஜய் சேதுபதி வந்ததில் அம்மாவுக்குத் திருவிழா. எனக்கு இன்னும் ஒட்டவில்லை.

ஆகஸ்டில் இந்தியாவுக்கு எதிராக எங்கள் வாண்டர்சே 6 விக்கெட் எடுத்த அன்று எங்கள் பக்கம் கரண்ட் இல்லை. போனில் ஸ்கோர்தான் பார்த்தேன். அதனால் அது கணக்கில் வராது.