லெட்டரில் ஒரு வரி இல்லை, ஆறு நாள் போச்சு

குனிந்து செருப்பு மாட்டிவிட்டு நிமிர்ந்தால் நாலைந்து நொடிக்குக் கண் இருட்டும், பிறகு தானாகத் தெளியும். ராத்திரி படுத்தால் காதுக்குள் நாடித் துடிப்போடு சேர்ந்து ஒரு இரைச்சல். கூடவே தலைவலி. தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டருகே இருக்கும் டாக்டர் சுவரில் இருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னார், கடைசி வரிவரை படித்தேன், கண்ணில் குறையில்லை, மைக்ரேன்தான் என்று அனுப்பிவிட்டார். மூளையைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தம் ஏறினால் பெரும்பாலும் முதலில் அடிவாங்குவது ஓரப் பார்வை, எழுத்துகளைப் படித்துக் காட்டுவதில் அது தெரியாது என்று அப்போது எனக்கு யார் சொன்னார்கள்?

கண்ணாடி மாற்றப் போன இடத்தில்தான் பிடிபட்டது. விழியின் பின்பக்கத்தைப் படம் எடுத்த பெண் சட்டென்று பேச்சை நிறுத்தினாள். இரண்டு கண்ணிலும் பார்வை நரம்பு வீங்கியிருக்கிறதாம்.

அப்புறம் ஸ்கேன். நரம்பு டாக்டர் லெட்டரில் மூளைக்கு எம்ஆர்ஐ என்று மட்டும் எழுதினார், மெடிக்கல் எய்டும், அதாவது மருத்துவக் காப்பீடும், அதற்கு மட்டும் அனுமதி நம்பர் தந்தது. வீட்டுக்காரர் லீவு போட்டு டர்பனுக்குக் கூட்டிப்போய் எடுத்து வந்தால், 'எம்ஆர்வி எங்கே?' என்று அதே டாக்டர் கேட்கிறார்! அது மூளையின் சிரைகளைக் காட்டும் ஸ்கேன். சிரைகளில் ரத்தம் உறைந்திருந்தாலும் இதே மாதிரிதான் வருமாம், அதைப் பார்க்காமல் முடிவு சொல்ல முடியாதாம். எழுத வேண்டியவர் அவர். கவுன்ட்டரில் கேட்டால் புது லெட்டர், புது நம்பர், டாக்டர் திங்கட்கிழமைதான் வருவார். ஆறு நாள் போச்சு. கிளம்புமுன் லெட்டரில் இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள்.

பிறகு எடுத்த எம்ஆர்வியில் சிரைகளில் அடைப்பில்லை. மூளை நீரின் அழுத்தத்தை அளக்க முதுகில் ஊசி போட்டது பயந்த அளவுக்கு இல்லை. பக்கவாட்டில் படுக்கவைத்து அளந்தார்கள், 38 சென்டிமீட்டர் நீர் உயரம். 25 தாண்டினாலே அதிகம். டிஸ்சார்ஜ் தாளில் 'ஊசி போடப்பட்டது' என்று மட்டும் இருந்தது. கார் நிறுத்தத்திலிருந்து திரும்பிப்போய் அந்த எண்ணை எழுதி வாங்கினேன், நர்ஸ் முறைத்தாள், முறைக்கட்டும். அடுத்த வாரம் கண் டாக்டர் முதலில் கேட்டது அதைத்தான்.

இப்போது டயாமாக்ஸ், அந்த அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரை. விரலெல்லாம் சுருசுருவென்கிறது, கோக் தகரத் தண்ணீராக ருசிக்கிறது. பருவுக்கு டாக்ஸிசைக்ளின் சாப்பிட்டு வந்ததை நானாகச் சொன்ன பிறகுதான் நிறுத்தச் சொன்னார்கள், அதுவும் அழுத்தத்தை ஏற்றக்கூடியதாம். எடையும் 5 கிலோ குறைத்திருக்கிறேன்.

போன வாரம் பார்வைப் பரப்பு சோதனையில் இடது கண் தேறிவிட்டது. வலது கண்ணில் மூக்கோரம் கீழ்மூலை மட்டும் இன்னும் இருட்டுதான்.