மயக்கம் வராத அடிதான் மோசம்

புளோக்குக்குப் பக்கத்துத் திடலில் இரண்டு பையன்கள் தலை மோதிக்கொண்டார்கள். ஒருவன் கண் சொருகி உட்கார்ந்துவிட்டான், உடனே ஒரு அண்ணன், "ஒண்ணுமில்லடா தம்பி, தண்ணி குடிச்சிட்டு இறங்கு" என்கிறார். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

அமெரிக்கக் கால்பந்தில் மைக் வெப்ஸ்டர் என்றொரு ஜாம்பவான், 2002இல் ஐம்பது வயதில் இறந்தார். மூளையை ஆராய்ந்த டாக்டர் பென்னட் ஒமாலு, அதில் டாவ் என்ற புரதம் தாறுமாறாகப் படிந்திருப்பதைக் கண்டு 2005இல் எழுதினார். சிடிஇ என்கிறார்களே, தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் மூளை நோய், அதுதான். ஞாபகம் போகும், காரணமில்லாமல் கோபம் வரும், மனச்சோர்வு பிடிக்கும், அதுவும் ஆட்டத்தை விட்டுப் பல வருடம் கழித்து. இன்றுவரை இறந்தபின் மூளையை வெட்டிப் பார்த்துத்தான் உறுதியாகச் சொல்ல முடிகிறது.

2017இல் பாஸ்டன் ஆய்வில் என்எஃப்எல் என்ற அமெரிக்கக் கால்பந்து லீக்கில் ஆடிய 111 வீரர்களின் மூளையில் 110இல் இது இருந்தது. சரி, ஏற்கெனவே சந்தேகப்பட்ட குடும்பங்கள்தான் பெரும்பாலும் மூளையைத் தானம் தந்தன, அதனால் எல்லா வீரர்களுக்கும் இதே கணக்கு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

நம்மூர்க்காரர்கள் பார்க்கிற கால்பந்தும் தப்பவில்லை. ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் மூளை சிதையும் நோய்களால் இறப்பது மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு என்று கிளாஸ்கோ ஆய்வு 2019இல் சொன்னது. தலையால் பந்தை அதிகம் முட்டாத கோல்கீப்பர்களுக்கு இந்த நோய்களின் ஆபத்து குறிப்பிடும்படி கூடவில்லை, தற்காப்பு ஆட்டக்காரர்களுக்குத்தான் மிக அதிகம். மயக்கமே வராத சின்னச் சின்ன அடிகள் சேர்ந்துதான் இதைச் செய்கின்றன என்று பலர் நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்தப் பையன் அன்று மறுபடி இறங்கவில்லை. அண்ணனுக்கு என்மேல் இன்னும் கோபம்தான்.