திருகோணமலையைத் தனியே சுற்ற: கால், பஸ், கொஞ்சம் நேரக்கணக்கு

திருகோணமலையில் தனியே சுற்றுகிறவருக்கு வழி தவறுவது அரிது. நேரம்தான் தவறும். நடை சாத்திய பிறகு கோணேசர் மலை ஏறுவது, உச்சி வெயிலில் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போவது, கடைசி பஸ் போன பிறகு நிலாவெளியில் நிற்பது. வெளியூர்க்காரர் படுகிற பாடு பெரும்பாலும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். அதனால் எதைப் பார்ப்பது என்பதைவிட, எதை எப்போது பார்ப்பது என்பதே இங்கே கூடுதலாக வரும்.

முதலில் திசை. நகரம் மூன்று பக்கமும் கடல் நெருக்குகிற ஒடுங்கிய நிலம். கிழக்கே கோட்டை மலை கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் தெற்குப் பக்கம் டச்பே கடற்கரை, வடக்குப் பக்கம் வள்ளங்கள் நிற்கிற திருக்கடலூர்க் கரை. மேற்கே உள்துறைமுகம். கைபேசி செத்துப் போனாலும் கடலைப் பார்த்தே இடத்தைப் பிடிக்கலாம். அலை அடித்தால் நீங்கள் கிழக்கில் நிற்கிறீர்கள். நீர் குளம்போலக் கிடந்து தூரத்தில் கப்பல் நங்கூரமிட்டிருந்தால் மேற்கில். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நடந்து போக இருபது நிமிடம் போதும்.

குழப்புவது பெயர்கள்தான். வரைபடம் ஓர்ஸ் ஹில் என்று காட்டும் இடத்தை ஊரார் உவர்மலை என்பார்கள். சைனா பே என்பது சீனக்குடா. வடக்கே போகும் நிலாவெளி வீதியில் இன்னொரு கணக்கும் உண்டு. பழைய மைல்கல்லை வைத்து மூன்றாம் கட்டை, ஒன்பதாம் கட்டை என்றுதான் இடம் சொல்வார்கள். ஒரு கட்டை 1.6 கிலோமீற்றர். ஒன்பதாம் கட்டைக்கு நடந்தே போய்விடலாம் என்று யாராவது நினைத்தால், அது பதினாலரைக் கிலோமீற்றர்.

கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வருகிறவருக்கு ஊர் விடியுமுன்னே தொடங்கிவிடும். நிலையம் நகரின் வடக்கு ஓரத்தில் இருக்கிறது. இங்கே தண்டவாளமே முடிந்துவிடுகிறது. அங்கிருந்து பஸ் நிலையத்துக்கு நடந்தால் இருபது நிமிடத்துக்குள். ஓட்டோக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள், பையில் பாரம் இல்லாவிட்டால் தேவையில்லை. இருட்டாக இருந்தால் நிலையத்திலேயே உட்கார்ந்து வெளிச்சம் வரவிட்டு நடங்கள். அந்த நேரத்தில் தெருநாய்கள் கூட்டமாக நிற்கும், ஓடினால் துரத்தும். ஒரு எச்சரிக்கை: கல்லோயாச் சந்தியில் பாதை இரண்டாகப் பிரிகிறது, ஒன்று மட்டக்களப்புக்கு, ஒன்று நமக்கு. நேர் ரயில் இல்லாத நேரத்தில் அங்கே இறங்கி மாற வேண்டும். தூங்கிவிட்டால் கண் விழிப்பது மட்டக்களப்புப் பக்கத்தில்.

முதல் நாள் காலையைக் கோட்டைக்கும் அதற்குள் இருக்கிற கோணேசர் கோவிலுக்கும் கொடுங்கள், அதுவும் ஏழு மணிக்குள். பஸ் நிலையத்திலிருந்து கோட்டை வாசலுக்குப் பதினைந்து நிமிடம். வாசலிலிருந்து கோவிலுக்கு ஏற்றத்தில் இன்னொரு பதினைந்து இருபது. வாசலை வேகமாகக் கடந்துவிடாதீர்கள். போர்த்துக்கீசர் 1622ல் கோவிலை இடித்து, 1624ல் அந்தக் கற்களையும் கொண்டு கட்டிய கோட்டை இது. வாசல் தூணில் பாண்டியரின் இணைக்கயல் சின்னமும், குளக்கோட்டன் என்ற மன்னன் பெயரோடு சொல்லப்படும் சிதைந்த தமிழ்க் கல்வெட்டும் இன்றும் இருக்கின்றன. எழுத்து மங்கல்; காலையின் சரிந்த வெளிச்சத்தில்தான் கொஞ்சமாவது தெரியும், உச்சி வெயிலில் வெறும் கல். 1639ல் ஒல்லாந்தர், 1795ல் ஆங்கிலேயர் என்று கை மாறி, 1803ல் பிரெட்ரிக் கோட்டை என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

உள்ளே இன்றும் இராணுவ முகாம் இருக்கிறது. பாதை பொதுமக்களுக்குத் திறந்ததுதான், ஆனால் பிரதான பாதையை விட்டு ஒதுங்காதீர்கள். முகாம் கட்டிடங்களையும் காவலில் நிற்பவரையும் படம் எடுக்காதீர்கள். அடையாள அட்டை சட்டைப்பையில் இருக்கட்டும், பைக்குள் துழாவுகிற இடத்தில் வேண்டாம். வழியில் புள்ளிமான்கள் ஆட்டைப்போல நிற்கும். கடலைப் பொட்டலத்தை நீட்டினால் தாளோடு சேர்த்துத் தின்னும். பொலித்தீன் தின்றுதான் பல மான்கள் சாகின்றன. ஒன்றும் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

கோவிலடியில் செருப்பை விட வேண்டும். தனியே வந்தவருக்கு இதுதான் முதல் நடைமுறைச் சிக்கல்: பையையும் செருப்பையும் பார்க்க ஆள் இல்லை. செருப்புக்கு ஒரு பழைய துணிப்பை கொண்டு போனால் தீர்ந்தது. பத்து மணிக்குப் பிறகு கல்தரை சுடும். பழகாத கால் என்றால் பஞ்சுக் காலுறை ஒரு சோடி பைக்குள் போடுங்கள். முழங்கால் மூடிய உடை கட்டாயம். இப்போதுள்ள கோவிலுக்கு 1963ல் குடமுழுக்கு நடந்தது. சம்பந்தர் பாடியது அதற்கு முந்திய பழைய கோவிலை. தரிசனம் முடிந்ததும் பலர் திரும்பிவிடுகிறார்கள். பக்கத்தில் பாறை பிளந்து கடலுக்கு இறங்குகிற இராவணன் வெட்டைப் பார்க்காமல் போகக் கூடாது. பிள்ளை வரம் வேண்டி மரத்தில் கட்டிய சின்னத் தொட்டில்களும் விளிம்போடு இருக்கின்றன. காற்று பலமான நாளில் கம்பி வேலியில் சாய்ந்து படம் எடுக்க வேண்டாம். தனியே நிற்கும்போது பிடிக்கக் கை இல்லை.

நண்பகலோடு நடை சாத்தினால் பிறகு மாலைதான். ஒன்பதரைக்குள் கீழே இறங்கிவிட்டால் கணக்குச் சரி.

இறங்கியதும் டச்பே கரையோடு தெற்கே நடந்தால் டொக்யார்ட் வீதி வரும். பத்திரகாளி அம்மன் கோவில் இந்தப் பக்கம்தான். வெளிக் கோபுரத்தைவிட உள் மண்டபத்தின் வண்ணச் சிற்பங்களுக்கு நேரம் ஒதுக்குங்கள். ஒல்லாந்தரின் கடற்படை ஆணையாளர் இருந்த பழைய வீட்டைத் திருத்திக் கடற்படை நூதனசாலை ஆக்கியிருக்கிறார்கள். கூரை உயரமும் சுவர்த் தடிப்பும் உள்ள கட்டிடம், வெயிலுக்கு ஒதுங்கவே ஒரு மணிநேரம் இருக்கலாம். அதே பக்கத்துப் பழைய ஆங்கிலேயர் மயானத்தில் ஜேன் ஆஸ்டினின் தம்பி சார்ள்ஸ் ஆஸ்டினின் கல்லறை இருக்கிறது. 1852ல் பர்மாவில் இறந்த கடற்படை அதிகாரி அவர். வாசல் பூட்டியிருந்தால் கம்பி வழியே பார்த்துவிட்டு நகருங்கள். இதற்கு அப்பால் கடற்படைத் தளம். வரைபடத்தில் பாதை இருப்பதுபோல் தெரிந்தாலும் வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.

பன்னிரண்டிலிருந்து மூன்று மணிவரை நடையே வேண்டாம். மே முதல் செப்ரெம்பர் வரை கச்சான் காற்று வீசும். உடலில் வேர்வை நிற்காது, உடனே காய்ந்துவிடும், அதனால் தாகம் தெரியாமலே நீர் வற்றும். தலையிடி வந்த பிறகு குடிப்பது காலம் கடந்த வைத்தியம். ஒன்றரை லீற்றர்ப் போத்தல் ஒன்று, நடுவில் ஒரு செவ்விளநீர். இந்த மூன்று மணிநேரம் சோற்றுக்கடைக்கு. சந்தைப் பக்கத்துக் கடைகளில் ஒரு மணிக்குள் போனால் மீன்குழம்பு நல்ல துண்டோடு கிடைக்கும்; இரண்டு மணிக்குப் போனால் குழம்பு மட்டும். வெள்ளிக்கிழமை என்றால் ஜும்மா நேரத்தில் முஸ்லிம் கடைகள் சாத்தியிருக்கும். கிண்ணியா, மூதூர் பக்கம் போகிறவர் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும்.

இனி பஸ். இங்கே ஏறக்குறைய எல்லாப் பஸ்ஸும் நகர் நடுவிலுள்ள நிலையத்தில் தொடங்கி அங்கேயே முடியும். நிலாவெளியிலிருந்து நேரே கன்னியாவுக்குப் போகலாமா என்று யோசிக்க வேண்டாம், பஸ் நிலையத்துக்கு வந்து மாறுவதுதான் வழி. ஆகவே ஒரு அரை நாளுக்கு ஒரு திசை. இரண்டு திசையை அரை நாளில் அடக்கப் பார்த்தால் பாதி நேரம் நிலையத்து வாங்கிலில் போய்விடும்.

திசைகள் இவ்வளவுதான். வடக்கே நிலாவெளி, இறக்கண்டி, குச்சவெளி, புல்மோட்டை பஸ்கள் எல்லாம் ஒரே வீதியால் போகின்றன. உப்புவெளிக்கு இதில் எது முந்திப் புறப்படுகிறதோ அதில் ஏறலாம். மேற்கே அனுராதபுரம், ஹொரவப்பொத்தானை, வவுனியா பஸ்கள் கன்னியாச் சந்தியைத் தாண்டிப் போகின்றன. தெற்கே கிண்ணியா, மூதூர் பஸ்கள் சீனக்குடா வழியாக. தூரப் பஸ்காரர் குறுந்தூரப் பயணியை ஏற்ற முகம் சுளிப்பார்கள், ஏறுமுன் இறங்குமிடத்தைச் சொல்லிவிடுங்கள்.

சிவப்பு நிற இ.போ.ச. (அரசாங்க) பஸ் நேரத்துக்கு எடுக்கும். தனியார் பஸ் ஆள் நிறையும் மட்டும் உறுமிக்கொண்டு நிற்கும், எடுத்த பிறகு பறக்கும். கேட்கிற விதமும் முக்கியம். “இது நிலாவெளி போகுமா, அண்ணே?” என்றால் பாதித் தூரம் போகிற பஸ்ஸுக்கும் “ஓம், ஏறுங்கோ” என்றுதான் பதில் வரும். “நிலாவெளியில எந்த இடம் வரைக்கும் போகும்?” என்று கேளுங்கள். இறங்கும்போது “இறக்கம்” என்று ஒரு தரம் சத்தமாகச் சொன்னால் போதும். ஐயாயிரம் ரூபாய்த் தாளை நீட்டினால் கொண்டக்டர் மிச்சத்தை ரிக்கற்றின் பின்னால் எழுதித் தருவார். இறங்குகிற அவசரத்தில் அதைக் கேட்க மறப்பவர்களே அதிகம். இருபது, ஐம்பது, நூறு ரூபாய்த் தாள்களைக் காலையிலேயே தேநீர்க்கடையில் மாற்றிக்கொள்ளுங்கள். தனியே வருகிற பெண்கள் றைவருக்குப் பின்னால் முதல் சில வரிசையில், இன்னொரு அக்கா பக்கத்தில் இடம் பிடிப்பது வழக்கம். யாரும் வித்தியாசமாகப் பார்க்க மாட்டார்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது: புறப்படுமுன் நேரக்கணிப்பாளர் அறையில், போகிற இடத்திலிருந்து திரும்பி வரும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுக் கையில் எழுதிக்கொள்ளுங்கள். ஆறு மணிக்குப் பிறகு குறுந்தூரச் சேவை மெலிந்துவிடும். எழுதிய நேரத்துக்கு ஒரு பஸ் முந்தித் திரும்புவதே வசதி. தவறினால் ஓட்டோ, விலையை ஏறுமுன் பேசுங்கள், வெளிச்சம் போன பிறகு பேரத்தில் பலம் அவர் பக்கம்.

முதல் நாள் பின்னேரத்துக்கு உப்புவெளி பொருத்தம். நிலாவெளி வீதியோரமாகவே இரண்டாம் உலகப்போர் மயானம் இருக்கிறது. 1942 ஏப்ரல் 9ந் திகதி ஜப்பானியர் துறைமுகத்தில் குண்டு போட்ட கதையின் மிச்சம் இது. அங்கிருந்து கடற்கரைக்கு நடை தூரம். தனியே குளிக்கிறவர் பையை யாராவது குடும்பத்தின் பக்கத்தில் வைத்துவிட்டு இறங்கலாம். கார்த்திகை, மார்கழியில் வாடைக்கடல் கொந்தளிக்கும், அப்போது கால் நனைப்பதோடு நிறுத்துங்கள். புறாமலைத் தீவுக்கு நிலாவெளியிலிருந்து படகு. அது 2003 முதல் தேசிய பூங்கா, நுழைவுச்சீட்டு வேறு, படகுக் கூலி வேறு. படகுக் கூலி ஆளுக்கல்ல, படகுக்கு. தனியே போனால் முழுதும் உங்கள் தலையில். காலை எட்டு மணிக்கு முன் கரையில் நின்றால் சேர்ந்து போக ஒரு கூட்டம் அகப்படும்.

கன்னியாவை மறுநாள் அதிகாலைக்கு வையுங்கள். சந்தியில் இறங்கிப் பதினைந்து நிமிட நடை. ஏழு சிறு கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு வேறு. இறங்கி ஊறுகிற குளம் என்று நினைத்து வருகிறவர்கள் ஏமாறுவார்கள். வாளியால் அள்ளி ஊற்றிக்கொள்வதுதான் முறை. மாற்றுத்துணியும் துவாயும் வேண்டும். இராவணன் தாய்க்குக் கிரியை செய்த இடம் என்ற ஐதீகத்தால் இறந்தவருக்குக் கடன் கழிக்க வருகிற குடும்பங்கள் இருக்கும்; அவர்கள் பக்கம் கமராவைத் திருப்பாதீர்கள்.

தெற்குத் திசை கடைசியாக. சீனக்குடாவைக் கடக்கும்போது பற்றைக்குள் பிரித்தானியர் காலத்து எண்ணெய்க் குதங்கள் தெரியும், மொத்தம் 99. கிண்ணியாப் பாலம் 2009ல் திறக்கும்வரை இந்த இடத்தில் பாதைப்படகு. வரிசையில் நின்றே அரை நாள் போய்விடும். பாலத்தின் நீளம் 396 மீற்றர். பஸ் நடுவில் நிற்காது, கிண்ணியாக் கரையில் இறங்கி நடந்து திரும்புங்கள். ஒரு பக்கம் தம்பலகாமக் குடா, மறுபக்கம் கொட்டியாரக் குடா, பின்னேரம் நாலரைக்குப் பிறகு இரண்டும் இரண்டு நிறம். தொப்பியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், காற்று பறித்துவிடும். வழியில் எருமைத்தயிர்ச் சட்டி வாங்கினால் திரும்பும் பஸ்ஸில் அதை மடியில் வைக்க வேண்டும். கீழே வைத்தால் முதல் பிறேக்கிலேயே பக்கத்து ஆளின் செருப்புக்குள் போய்விடும். மூடியிருக்கிற தாளை நம்பாமல் ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு வாயைக் கட்டித் தரச் சொல்லுங்கள்.